வீடு மாறும்போது சாமான்களுக்கு இன்சூரன்ஸ்: லாரி கிளம்பும் முன் கையில் என்ன இருக்க வேண்டும்

வீடு மாறப் போகிறோம் என்று முடிவானதும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நான்கைந்து பேரிடம் கொட்டேஷன் வாங்குவோம். பேக்கிங், லோடிங், லாரி வாடகை, அன்லோடிங் எல்லாம் போட்டு, கடைசியில் ‘இன்சூரன்ஸ் 3%’ என்று ஒரு வரி இருக்கும். பலர் பேரம் பேசும்போது முதலில் அந்த வரியைத்தான் அடிக்கச் சொல்கிறார்கள். மற்றவர்கள் கேட்ட பணத்தைக் கட்டிவிட்டு, இனி எது உடைந்தாலும் வந்துவிடும் என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து, அதிலும் இரண்டாவது கூடுதல் ஆபத்து, ஏனென்றால் அந்த 3% பெரும்பாலான நேரம் இன்சூரன்ஸே கிடையாது.

ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர், பாலிசி எண், உங்கள் பெயர், எங்கிருந்து எங்கே, எவ்வளவு ரூபாய்க்கு, எந்தெந்த ஆபத்துக்கு என்று எழுதிய சான்றிதழ் லாரி கிளம்பும் முன் உங்கள் கைக்கு வந்தால்தான் அது இன்சூரன்ஸ். மூவர்ஸின் பில்லில் ஒரு வரியாக மட்டும் இருந்தால், அது அவர்கள் உங்களிடம் கூடுதலாக வாங்கிய பணம், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இது மறக்க வேண்டாம்.

உதாரணத்துக்குச் சென்னையில் ஒரு இரண்டு படுக்கையறை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு கோயம்புத்தூருக்குப் போகும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, இரண்டு ஏசி, பீரோ, கட்டில், கிரைண்டர், பாத்திரம், துணி, பிள்ளைகளின் புத்தகம், ஒரு ஸ்கூட்டர். அந்தச் சாமான்கள் மூன்று கட்டங்களைக் கடக்கின்றன: பழைய வீடு, சாலை, புது வீடு. ஒரே பாலிசி மூன்றையும் தாங்காது. பழைய வீட்டுச் சாமான்களுக்கு ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவர்கள்கூட இதில் தடுக்கி விழுகிறார்கள். வீட்டுப் பாலிசி என்பது அதில் எழுதிய முகவரிக்கு உள்ளே இருக்கும் சாமானுக்குத்தான். வீட்டை விட்டு வேறு இடத்துக்கு எடுத்துச் சென்ற பொருளுக்கு இழப்பீடு இல்லை என்று பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியின் விலக்குப் பட்டியலில் நேராகவே எழுதியிருக்கிறது. பொருள் வாசலைத் தாண்டியதும் அந்தப் பாலிசியின் வேலை முடிந்தது.

அந்த 3% பற்றி மூவர்ஸிடம் கேட்க வேண்டியது

முதல் கேள்வி: “எந்த இன்சூரன்ஸ் கம்பெனி?” பதிலில் ஒரு கம்பெனியின் பெயர் வர வேண்டும். “எங்க கம்பெனியே பாத்துக்கும் சார், எதுவானாலும் செட்டில் பண்ணிடுவோம்” என்று வந்தால், அவர்கள் பேசுவது எஃப்ஓவி என்று இந்தத் தொழிலில் சொல்லப்படும் கட்டணத்தைப் பற்றி. சாமானின் மதிப்பில் ஒரு சதவீதத்தை வாங்கிக்கொண்டு, பொறுப்பு எங்களுடையது என்று மூவர்ஸ் சொல்லும் வாக்குறுதி அது. நாணயமானவரிடம் அந்த வாக்குறுதிக்கு மதிப்பு இருக்கலாம். ஆனால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரமாட்டார், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போக முடியாது. அவர் போனை எடுக்காமல் விட்டால் கேஸ் போடுவது ஒன்றுதான் வழி.

உண்மையான இன்சூரன்ஸும் மூவர்ஸ் மூலமாகவே கிடைக்கும். பெரிய மூவர்ஸ் சிலர் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஓப்பன் பாலிசி ஒன்றை எடுத்து வைத்திருப்பார்கள், ஒவ்வொரு லோடுக்கும் அதன் கீழ் தனிச் சான்றிதழ் வரும். அப்படியானால் சான்றிதழில் காப்பீடு பெறுபவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மூவர்ஸின் பெயர் மட்டும் இருந்தால் கிளைம் பணம் அவர்களுக்குப் போகும், அங்கிருந்து உங்களுக்கு வருமா என்பது அவர்கள் மனசைப் பொறுத்தது. பாலிசி எண்ணை வைத்து அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணுக்கு (மூவர்ஸ் தரும் எண்ணுக்கு அல்ல, கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு) நீங்களே ஒரு போன் போட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பழைய பாலிசியில் தேதியை மாற்றி ஜெராக்ஸ் கொடுத்தால் இந்த ஒரு போனிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு வழி, மூவர்ஸை விட்டுவிட்டு நீங்களே ஓர் ஏஜென்ட் மூலமாகவோ இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை அலுவலகத்திலோ ஒரே பயணத்துக்கான டிரான்சிட் பாலிசி எடுப்பது. லாரியில் போகும் சரக்கானாலும் இது ‘மரைன்’ பிரிவில்தான் வரும், அந்த வார்த்தையைப் பார்த்து வேறு ஏதோ பாலிசி என்று குழம்ப வேண்டாம். பழைய வீட்டுச் சாமான் என்றால் சில கிளைகளில் தயங்குவார்கள், ஒன்றிரண்டு இடத்தில் கேட்க வேண்டியிருக்கும். அதனால் கடைசி வாரத்தில் ஓடாமல், வீடு மாறும் தேதி முடிவான உடனேயே தொடங்கிவிடுங்கள்.

எந்த வழியானாலும் பணம் முன்னால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிரீமியம் கைக்கு வராமல் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் ஆபத்தை ஏற்கக் கூடாது என்று 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு சொல்கிறது. “டெலிவரி முடிஞ்சதும் எல்லாம் சேர்த்துக் கொடுங்க” என்று மூவர்ஸ் சொன்னால், அது உங்களுக்குச் சௌகரியமாகத் தெரியும், ஆனால் லாரி ஓடும் அந்த இரவில் உங்கள் சாமானுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றே அர்த்தமாகலாம். இன்சூரன்ஸ் பணத்தை மட்டும் தனியாக, முன்கூட்டியே, ரசீதோடு கட்டுங்கள்.

லாரிக்காரரின் பொறுப்பு எதுவரை

இன்சூரன்ஸே இல்லாவிட்டாலும் லாரிக்காரருக்குச் சட்டப்படி ஒரு பொறுப்பு இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சரக்கு சேதமானால், அலட்சியத்தால்தான் ஆனது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. ரசீதில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று அச்சடித்துவிட்டால் எல்லாப் பொறுப்பும் போய்விடும் என்று சில மூவர்ஸ் சொல்வார்கள். அந்த இரண்டு வார்த்தையை வைத்து லாரிக்காரர் தன் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

ஆனால் அந்தப் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தெரிந்துகொண்டால்தான் தனி இன்சூரன்ஸ் எதற்கு என்று புரியும். அதிகப் பொறுப்புக்காக லாரிக்காரர் கேட்கும் ‘ஹையர் ரிஸ்க் ரேட்’ என்ற கூடுதல் கட்டணத்துக்கு நீங்கள் ஒப்புக்கொள்ளாதவரை, இழப்பீடு லாரி வாடகையின் 10 மடங்கைத் தாண்டாது, அதுவும் சரக்குப் படிவத்தில் நீங்கள் அறிவித்த மதிப்பைத் தாண்டாது. இங்கே இரண்டு இடத்தில் அடி விழும். மொத்த பில் 30,000 ரூபாயாக இருந்தாலும் அதில் பேக்கிங், கூலி எல்லாம் தனித்தனியாகப் பிரித்து, லாரி வாடகை 9,000 என்று போட்டிருந்தால் கணக்கு 9,000-ல் தொடங்குகிறது, அதாவது உச்சவரம்பு 90,000. அப்புறம், மதிப்பு என்ற கட்டத்தில் மூவர்ஸின் ஆளே ‘பழைய வீட்டுச் சாமான், 25,000’ என்று எழுதிக் கையெழுத்து கேட்பார். போட்டுவிட்டீர்கள் என்றால் 6 லட்ச ரூபாய் சாமானுக்கும் உச்சவரம்பு அந்த 25,000 தான்.

மதிப்பைக் குறைத்து எழுதினால்தான் வழியில் செக்போஸ்ட்டில் தொந்தரவு வராது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதை ஏற்காதீர்கள். உபயோகித்த வீட்டுச் சாமான்களுக்கு ஜிஎஸ்டி விதிகளிலேயே இ-வே பில்லிலிருந்து விலக்கு இருக்கிறது. வாடகைக்கு மேல் ‘இ-வே பில் சார்ஜ்’ என்று கேட்டாலும் இதையே சொல்லுங்கள்.

இந்தச் சட்டத்தின்படி சரக்கு ஏற்றும் தொழில் செய்பவருக்குப் பதிவு எண் இருக்க வேண்டும். லாரி ரசீதில், அதாவது எல்ஆரில், அந்த எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல வடிகட்டி. எல்ஆரே தராமல் வாட்ஸ்அப்பில் லாரி நம்பரை மட்டும் அனுப்புகிறவரிடம், எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் என் சாமானை ஏற்ற மாட்டேன்.

சான்றிதழில் ஏ-யா பி-யா

டிரான்சிட் பாலிசியைக் கையில் வாங்கியதும் முதலில் தேட வேண்டியது ஐடிசி (இன்லேண்ட் டிரான்சிட் கிளாஸ்) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏ, பி அல்லது சி. ‘சி’ என்றால் தீயும் மின்னலும் மட்டும். ‘பி’ என்றால் அவற்றோடு லாரி மோதுவது, கவிழ்வது, பாலம் இடிவது போன்ற விபத்துகள். ‘ஏ’ என்றால் விலக்குப் பட்டியலில் சொன்னவை போக மற்ற எல்லா ஆபத்தும். பழைய சாமானுக்குப் பல கம்பெனிகள் ‘பி’ தான் தருவார்கள், விற்பவர் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். ஐப்பசி மழையில் சேலம் ரோட்டில் தார்ப்பாய் கிழிந்து மெத்தையெல்லாம் நனைந்தது, லாரிக்கு ஒரு கீறலும் இல்லை: ‘பி’-யில் ஒன்றும் வராது. வழியில் டீக்கடையில் நிறுத்தியிருந்தபோது இரண்டு பெட்டி காணாமல் போனது: ‘பி’-யில் வராது, திருட்டுக்கென்று தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய. பள்ளத்தில் குலுங்கி டிவி திரை விரிசல் விட்டது: ‘பி’-யில் வராது. வீடு மாறும்போது உண்மையில் நடப்பது பெரும்பாலும் இந்த மூன்றும்தான், லாரி கவிழ்வது அபூர்வம். அதனால் கொஞ்சம் கூடக் கேட்டாலும் ‘ஏ’ கிடைக்குமா என்று கேளுங்கள், கிடைக்காவிட்டால் ‘பி’-யோடு திருட்டு, உடைசல், மழைநீர் இவற்றைச் சேர்த்துத் தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

‘ஏ’ வாங்கிவிட்டாலும் சில விஷயங்கள் வராது. பேக்கிங் போதாததால் வந்த சேதம் வராது. தாமதத்தால் வந்த நஷ்டம் வராது. கீறல், நசுங்கல் இவற்றைப் பழைய சாமானுக்குப் பெரும்பாலும் விலக்கிவிடுவார்கள். வெளியில் எந்த அடியும் இல்லாமல் ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ உள்ளுக்குள் வேலை செய்யவில்லை என்றால் அதையும் பொதுவாக ஏற்க மாட்டார்கள். நீங்களே கட்டிய பெட்டிக்குள் பாத்திரமோ கண்ணாடியோ உடைந்தால், ‘ஓனர் பேக் செய்தது’ என்று ஒதுக்கிவிடும் பாலிசிகள் உண்டு. துணி, புத்தகம், எவர்சில்வர் பாத்திரம் இவற்றை நீங்கள் கட்டுங்கள், கண்ணாடி, பீங்கான், டிவி, மிக்ஸி போன்றவற்றை அவர்களையே கட்டச் சொல்லுங்கள்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். பாலிசி எப்போது தொடங்குகிறது? பழக்கமான வாசகத்தில், பொருள் லாரியில் ஏறும்போது. மூன்றாம் மாடியிலிருந்து பீரோவை இறக்கும்போது படிக்கட்டில் நழுவினால் அது ‘ஏறுவதற்கு முன்’. ஏற்றுவதும் இறக்குவதும் சேர்ந்ததா என்று கேட்டு, ஆம் என்றால் அதைச் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள். முடிவது, புது வீட்டில் ஒப்படைத்த உடனே, அல்லது லாரி அந்த ஊரை அடைந்து 7 நாள் ஆனதும், எது முதலில் வருகிறதோ அது.

இந்த 7 நாள் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பழைய வீட்டு ஓனர் ஆனி கடைசியில் காலி செய்யச் சொல்லிவிடுவார், ஆடியில் புது வீட்டுக்குப் போக வீட்டில் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், சரி, சாமானை ஒரு மாதம் மூவர்ஸ் குடோனில் போட்டுவைப்போம் என்று முடிவெடுப்போம். நீங்கள் கேட்டு குடோனில் வைப்பது பயணத்தின் பகுதி ஆகாது. அந்த ஒரு மாதத்தில் குடோனில் தீப்பிடித்தாலோ தண்ணீர் புகுந்தாலோ டிரான்சிட் பாலிசி உதவாது, வீட்டுப் பாலிசியும் உதவாது. குடோன் காலத்துக்குத் தனியாகப் பாலிசி கேளுங்கள், குடோனின் முகவரி அதில் இருக்க வேண்டும். அப்படிக் கிடைக்காவிட்டால் சொந்தக்காரர் வீட்டு மாடி அறையில் வைப்பது எனக்குப் பரவாயில்லை என்று படுகிறது.

பட்டியலும் மதிப்பும்

பேக்கிங்குக்கு ஒரு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அறை அறையாகப் பட்டியல் போடுங்கள். பொருள், கம்பெனி, மாடல், வாங்கிய வருடம், வாங்கிய விலை, இப்போது அதே மாதிரி வாங்கினால் என்ன விலை. பில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், ஆன்லைனில் வாங்கியதற்கு ஆர்டர் விவரத்தில் இன்வாய்ஸ் இருக்கும், கடையில் வாங்கியதற்கு இஎம்ஐ கட்டிய வங்கிக் கணக்கு விவரமோ வாரண்டி அட்டையோகூட உதவும். அப்புறம் மொபைலில் வீடியோ. டிவி ஓடுவதை, ஏசி ஓடுவதை, வாஷிங் மெஷின் சுற்றுவதை எடுங்கள், பின்பக்கத்தில் இருக்கும் சீரியல் எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும். ‘ஏற்றும்போதே ரிப்பேராகத்தான் இருந்தது’ என்ற வாதத்துக்கு இதுதான் பதில்.

மதிப்பை எப்படிப் போடுவது? பழைய பொருளுக்குப் புது விலை கிடைக்காது, தேய்மானம் கழிப்பார்கள். அதற்காக ரொம்பவும் குறைத்துப் போட்டால் விகித வெட்டு வரும். உங்கள் சாமானின் நியாயமான மதிப்பு 8 லட்சம், நீங்கள் பிரீமியத்தை மிச்சப்படுத்த 4 லட்சத்துக்கு எடுத்தீர்கள், வழியில் 60,000 ரூபாய்க்குச் சேதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 லட்சம் இருக்கிறதே, 60,000 வந்துவிடும் என்றுதான் தோன்றும். கம்பெனி, பாதிக்குத்தானே இன்சூரன்ஸ் எடுத்தாய் என்று 30,000 தான் கணக்குப் போடும், அதிலும் பாலிசியில் சொன்ன முதல் சில ஆயிரத்தைக் கழித்துக்கொள்ளும். ஆகவே மொத்தமாக ‘வீட்டுச் சாமான் 5 லட்சம்’ என்று ஒரே வரியில் போடாமல், பொருள்வாரியாக மதிப்புள்ள பட்டியலைச் சான்றிதழோடு இணைக்கச் சொல்லுங்கள். ஒரு செட்டில் ஒன்று உடைந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும்தான் தருவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள், ஆறு நாற்காலியில் ஒன்று போனால் ஒரு நாற்காலியின் பணம்தான்.

லாரியில் ஏறக் கூடாதவை

நகை, பணம், வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட், மார்க்‌ஷீட், ஹார்ட் டிஸ்க். இவை எந்த டிரான்சிட் பாலிசியிலும் சாதாரணமாக வராது, உங்கள் கைப்பையில், உங்களோடு வரட்டும். நகையைப் பழைய ஊர் லாக்கரிலேயே விட்டுவைக்கலாமா என்றால், விடலாம், ஆனால் லாக்கர் என்றால் முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். 2022 ஜனவரி முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு லாக்கர் வாடகையின் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அதுவும் இல்லை. நகை அதிகம் இருந்தால் புது வீட்டுப் பாலிசியில் தனியாகச் சேர்ப்பதுதான் முறை.

கேஸ் சிலிண்டரை ஏற்றவே ஏற்றாதீர்கள். வெளியூர் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து வவுச்சர் வாங்கிக்கொண்டு போய் அங்கே புது இணைப்பு எடுக்கலாம். சிலிண்டரோ பெட்ரோலோ பட்டாசோ லாரியில் இருந்தது என்று தெரிந்தால் மற்ற சாமானின் கிளைமுக்கும் அதைக் காரணமாகக் காட்டுவார்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை நிமிர்ந்த நிலையில், துணிமணியிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள், ஆசிட் கசிந்தால் அது பேக்கிங் குறை என்று போய்விடும்.

ஸ்கூட்டருக்கு ஒரு நல்ல செய்தி. உங்களிடம் முழு இன்சூரன்ஸ், அதாவது ஓன் டேமேஜும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசி இருந்தால், அது வண்டி சாலையிலோ ரயிலிலோ ஏற்றிக்கொண்டு போகப்படும்போது வரும் சேதத்துக்கும் பொருந்தும், பாலிசியின் ஆபத்துப் பட்டியலில் அது ஒரு வரியாகவே இருக்கும். காருக்கும் அப்படியே. மூவர்ஸ் அதற்கும் சேர்த்து 3% கேட்டால் முதலில் இந்தப் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வெறும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் என்றால் இந்த வசதி கிடையாது. வண்டியை ரயில் பார்சலில் அனுப்புவதாக இருந்தால் மதிப்பை அறிவித்து அதற்கான சதவீதக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், அறிவிக்காத பார்சலுக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய் கணக்கில்தான், 110 கிலோ ஸ்கூட்டருக்கு அது 5,500 ரூபாய்.

உள்ளூரில், அதே நகரத்துக்குள் மாறுகிறவர்கள் கேட்பார்கள், இவ்வளவும் தேவையா என்று. வேளச்சேரியிலிருந்து தாம்பரத்துக்கு ஒரு டாட்டா ஏஸில் இரண்டு நடை அடிப்பதற்கு டிரான்சிட் பாலிசிக்கு அலைய வேண்டாம் என்பது என் கருத்து. டிவியையும் கம்ப்யூட்டரையும் காரிலோ ஆட்டோவிலோ மடியில் வைத்துக் கொண்டு போங்கள், வண்டிக்குப் பின்னாலேயே போங்கள், அந்தப் பணத்தைப் புது வீட்டுப் பாலிசிக்குப் போடுங்கள்.

புது வீட்டுக்கு

பால் காய்ச்சும் நாளுக்கு முன்பே புது வீட்டின் பாலிசி தொடங்கியிருக்கட்டும். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, சாமி படமும் சில பாத்திரமும் வைத்துப் பூட்டிவிட்டு, சாமான் பத்து நாள் கழித்து வரும். அந்த நாட்களில் உங்களிடம் இரண்டு வீடு இருக்கிறது. ஏற்கெனவே பாலிசி இருந்தால், பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு எந்தத் தேதியிலிருந்து மாற வேண்டும் என்று கம்பெனிக்கு மெயில் அனுப்பி எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் செய்த மாற்றத்துக்கான எழுத்து, வாங்குங்கள். போனில் சொன்னது போதாது. இடைப்பட்ட நாட்களில் இரண்டு முகவரியிலும் சாமான் இருக்கும் என்பதையும் அதே மெயிலில் எழுதுங்கள்.

புதிதாக எடுப்பவர்களுக்குத் தொடங்கும் இடம் பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1 முதல் வீட்டுத் தீ இன்சூரன்ஸ் தரும் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகள் எல்லாம் ஒரே வாசகத்தில் இதைத் தர வேண்டும் என்று ஆணையம் விதித்தது. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைந்து வழிவது எல்லாம் இதில் அடங்கும். வாடகைக்கு இருப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டு சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம், இது பலருக்குத் தெரிவதில்லை, ‘சொந்த வீடு இருந்தால்தானே இன்சூரன்ஸ்’ என்று விட்டுவிடுகிறார்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தவர்கள் இழந்தது சுவரை அல்ல, ஃபிரிட்ஜையும் மெத்தையையும் வாஷிங் மெஷினையும். வீட்டு ஓனர் கட்டடத்துக்கு எடுத்திருக்கும் பாலிசி உங்கள் சாமானுக்கு ஒரு ரூபாயும் தராது.

சொந்த வீடு வாங்கிப் போகிறவர்கள், வீட்டுக் கடன் தந்த வங்கி எடுக்கவைத்த பாலிசியை ஒரு முறை படியுங்கள். பெரும்பாலும் அது கட்டடத்துக்கு மட்டும். கட்டடமும் சாமானும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20%, அதிகபட்சம் 10 லட்சம் வரை, பொதுவான சாமான்கள் பட்டியல் கொடுக்காமலேயே சேர்ந்துவிடும். அதற்கு மேல் வேண்டும் என்றால் பட்டியல் கொடுத்து உயர்த்திக்கொள்ளலாம், நீங்கள் லாரிக்குப் போட்ட அதே பட்டியல் இங்கே உதவும். மேலே சொன்ன விகித வெட்டு இந்தப் பாலிசியில் கிடையாது என்பது பெரிய வசதி.

ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது: சாதாரணத் திருட்டு இதில் வராது. வெள்ளம், தீ போன்ற ஒன்று நடந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும்தான் வரும். பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனியாக பர்க்ளரி பிரிவு சேர்க்க வேண்டும், அல்லது அது சேர்ந்த ஹவுஸ்ஹோல்டர் பேக்கேஜ் பாலிசி எடுக்க வேண்டும். புதுக் குடியிருப்பு, பக்கத்தில் இன்னும் பாதி வீடு காலி என்றால் இதைக் கட்டாயம் சேருங்கள். பல பாலிசிகளில் வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் திருட்டுக்குத் தரமாட்டார்கள், சாமானை முன்னால் அனுப்பிவிட்டு, பிள்ளைகளின் பரீட்சை முடிந்து நீங்கள் பின்னால் போவதாக இருந்தால் அந்த நாள் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமான் உடைந்து வந்தால்

லாரி வந்து நிற்கும்போது எல்லோருக்கும் களைப்பு, லோடுமேன்கள் அவசரப்படுத்துவார்கள், ‘கையெழுத்து போடுங்க சார், அடுத்த லோடு இருக்கு’ என்பார்கள். பெட்டி எண்ணிக்கையைச் சரிபார்க்காமல் போடாதீர்கள். கிழிந்த பெட்டி, நனைந்த மெத்தை, விரிசல் விட்ட கண்ணாடி எது தெரிந்தாலும் எல்ஆர் பிரதியிலேயே ‘34 பெட்டியில் 32 வந்தது, டிவி பெட்டி ஓரம் நசுங்கியுள்ளது’ என்று பேனாவால் எழுதிவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள், டிரைவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். எழுதவிடமாட்டேன் என்றால் அதையே வீடியோ எடுத்து, அந்த நிமிடமே மூவர்ஸுக்கு மெயில் அனுப்புங்கள்.

அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி கிளைம் எண் வாங்குங்கள். உடைந்த பொருளையும் அது வந்த அட்டைப்பெட்டி, பபிள் ஷீட்டையும் சர்வேயர் பார்க்கும் வரை தூக்கிப்போடாதீர்கள், பேக்கிங் சரியாக இருந்தது என்பதற்கு அந்தக் குப்பைதான் சாட்சி. ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் சர்வேயரின் சம்மதம் வாங்குங்கள். திருட்டு, லாரி விபத்து என்றால் போலீஸ் புகாரும் எஃப்ஐஆர் நகலும் கேட்பார்கள்.

இன்னொரு வேலையையும் கூடவே செய்ய வேண்டும்: லாரிக்காரருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ். சரக்கு புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் அந்த நோட்டீஸ் போகாவிட்டால் அவர் மேல் வழக்கே போட முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனியும் அதைக் கேட்கும், ஏனென்றால் உங்களுக்குப் பணம் தந்துவிட்டு, உங்கள் இடத்தில் நின்று லாரிக்காரரிடம் வசூலிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதனால்தான் சொல்கிறேன், மூவர்ஸ் “இரண்டாயிரம் வாங்கிக்கிட்டு விடுங்க” என்று கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அந்தக் கையெழுத்து இன்சூரன்ஸ் கிளைமையும் சேர்த்துக் கெடுத்துவிடும். லாரிக்காரருக்கான நோட்டீஸை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள்.

கம்பெனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. பதில் வராவிட்டால் அல்லது திருப்தி இல்லாவிட்டால் ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். அதற்கும் மேல் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது, 50 லட்சம் ரூபாய் வரையுள்ள கோரிக்கையைக் கட்டணம் இல்லாமல், வக்கீல் இல்லாமல் கேட்பார்கள். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் காத்திருந்த பிறகு போக வேண்டும், மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். இன்சூரன்ஸே இல்லாமல் எஃப்ஓவி மட்டும் கட்டியவர்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. எல்ஆர் பிரதி, பணம் கட்டிய ரசீது, பொருள் பட்டியல், மெயில்கள், வீடியோ எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, வீட்டில் இன்னொருவருடைய போனுக்கும் ஒரு காப்பி அனுப்பி வையுங்கள்.